மருந்தில்லா மருத்துவத்திற்கு மொழியே மருந்து

மாத்திரைக்கு மொழி வேண்டா. மதுராந்தகத்து உழவர் ஒருவர் அதன் பெயரறியாமலே வாங்கலாம். எதற்கெனக் கேளாமலே விழுங்கலாம். சீட்டில் கிறுக்கப்பட்ட ஆங்கில எழுத்து அவர் கண்ணுக்கு எறும்பூர்ந்த தடமாகவே தோன்றலாம். தொண்டைக்குக் கீழே இறங்கிய மாத்திரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஊசியும் அத்தகையதே. அறுவைக் கத்தியோ நோயாளி தன்னினைவற்றுக் கிடக்கும்பொழுதே தன் கடமையை முடித்துவிடுகின்றது.

இயற்கை மருத்துவத்தின் நிலை வேறு. அங்கே நோயாளி விழுங்குவதற்கென ஒன்றும் இல்லை. எதனை உண்பது, எதனை விடுவது, எப்பொழுது வயிற்றைக் காயவிடுவது, எவ்வளவு தொலைவு நடப்பது, எந்நேரத்தில் எப்படிக் குளிப்பது, எப்பொழுது படுப்பது — மருத்துவர் கொடுப்பன இச்சொற்களே. இச்சொற்களைக் கேட்டு நோயாளி தன் வீட்டில், தன் அடுக்களையில், தன் கிணற்றடியில் நாள்தோறும் செய்துகொள்வதே பண்டுவம். சொல் விளங்கவில்லையெனில் பண்டுவமே நடக்கவில்லை என்று பொருள். மற்ற மருத்துவங்களில் மொழி கெட்டால் மானம் கெடும். இம்மருத்துவத்தில் மொழி கெட்டால் மருந்தே கெடும்!

இதனை எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இன்று செங்கற்பட்டில் எழுந்துள்ளது. செங்கழுநீர் பூத்த நீர்நிலைகளால் செங்கழுநீர்ப்பட்டு எனப் பெயர் பெற்றதாக வழங்கும் அவ்வூரில், இயற்கை மருத்துவத்திற்கும் ஓகத்திற்குமென்றே ஓர் உயர்கல்வி நிலையத்தைத் தமிழக அரசு நிறுவியுள்ளது. சென்னை அரும்பாக்கத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசுக் கல்லூரிக்குப் பின் இத்துறைக்குக் கிடைத்த பெரும் பேறு இது. மகிழத்தக்கதே. ஆனால், செய்தித்தாள்கள் பலவும் அதனைச் ‘சர்வதேச யோகா மற்றும் இயற்கை மருத்துவ அறிவியல் நிறுவனம்’ என்று எழுதுகின்றன. ‘சர்வதேச’ வடமொழி, ‘யோகா’ வடமொழி ஆங்கிலத்தில் தோய்ந்து திரும்பி வந்த வடிவு, ‘மற்றும்’ என்பதோ தமிழ்ச் சொல்லையே ஆங்கில ‘அண்டு’க்குக் குற்றேவல் செய்ய வைத்த கொடுமை. பன்னாட்டு ஓக, இயற்கை மருத்துவ அறிவியல் நிலையம் என்றால் எவர்க்கு விளங்காமற் போகும்? பெயர்ப் பலகையோடு போகட்டும் என்று விட்டுவிடலாம். உள்ளே நடக்கும் கல்வியும் ஆங்கிலத்தில். ஓராண்டுப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் ஆங்கிலத்தில் பயின்று வெளிவரும் இளைஞர், தேவனேரிக் குப்பத்து மூதாட்டியிடம் கூழைப் பற்றியும் குளியலைப் பற்றியும் எந்த மொழியில் பேசப் போகின்றார் என்பதே வினா.

இம்மருத்துவம் இன்னதென்பதை முதலில் தெளிந்துகொள்ளல் நன்று. சித்த மருத்துவமும் இதுவும் ஒன்றே என்று பலர் மயங்குகின்றனர். சித்த மருத்துவம் மூலிகையும் தாதும் உப்பும் கொண்டு மருந்து முடித்துக் கொடுப்பது. தாம்பரத்தில் 2005இல் திறக்கப்பட்ட நடுவணரசின் சித்த மருத்துவ நிலையம் அதற்குரியது. இயற்கை மருத்துவமோ மருந்தென்பதையே ஒதுக்கி வைப்பது. உடல் தன்னைத் தானே செப்பஞ்செய்துகொள்ளும் ஆற்றலுடையது; அவ்வாற்றலுக்குத் தடையாக நிற்பனவற்றை விலக்கி, துணையாவனவற்றைக் கூட்டிக் கொடுப்பதே மருத்துவன் பணி என்பது அதன் அடிப்படை. வெட்டுக்காயம் ஆறுவதும், முறிந்த எலும்பு கூடுவதும், தீயுணவு உண்ட வயிறு அதனைக் கக்கிவிடுவதும் இவ்வாற்றலாலேயே.

அதன் கருவிகள் ஐம்பூதங்களே. நிலத்துக்கு மண் பட்டி: எருவும் வேதி உரமும் படாத இடத்தில், மேல்மண்ணை நீக்கி இரண்டு மூன்றடி ஆழத்தில் எடுத்த மண்ணை வெயிலில் காயவைத்துச் சலித்து, நீரில் ஊறவைத்துத் துணியில் பரப்பி, வெறும் வயிற்றின்மேல் அரைமணி நேரம் வைத்திருத்தல். நீருக்குக் குளியல்கள் பல; அவற்றுள் தலையாயது இடுப்புக் குளியல். சாய்ந்தமரத் தக்க தொட்டியில் கொப்பூழ் மட்டும் தண்ணீர் நிற்க, கால்களை வெளியே நீட்டிப் பத்து முதல் இருபது மணித்துளி அமர்ந்து, துணியொன்றால் அடிவயிற்றை மெல்லத் தேய்த்துக்கொடுத்தல் வேண்டும். எழுந்ததும் உடல் சூடேறும் வரை நடத்தல் வேண்டும். காற்றைவிட நீர் உடற்சூட்டைப் பன்மடங்கு விரைவாகக் கவரும். குளிர்ந்த நீர் பட்ட இடத்தில் தோலின் குருதிக் குழல்கள் முதலில் சுருங்கிப் பின் விரிகின்றன. அச்சுருக்கமும் விரிவுமே இக்குளியலின் கரணியம். காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி இடும் தாய்மார் இதனை எந்த நூலிலும் கற்றாரல்லர்.

தீக்குக் கதிரவன் குளியலும் வாழையிலைக் குளியலும். காற்றுக்கு மூச்சுப் பயிற்சி. வெளிக்கு உண்ணாநோன்பு — வயிற்றை வெற்றிடமாக்கி வைத்தலே வெளியைப் பயன்படுத்தல் என்பது அழகிய கருத்து. கதிரவன் குளியலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இளங்காலை வெயிலே ‘டி’ உயிர்ச்சத்தைத் தருவது என்று மேடைதோறும் சொல்லப்படுகின்றது. அது முழு உண்மையன்று. அதனைத் தோலில் உண்டாக்கும் புற ஊதாக் கதிர், கதிரவன் தாழ்ந்திருக்கும் நேரத்தில் மிகக் குறைவாகவே நிலத்தை எட்டும். இளவெயில் இனிது, ஆனால், அந்த உயிர்ச்சத்துக்கு உச்சிப்பொழுதை அடுத்த வெயிலில் சிறிது நேரம் நிற்பதே பயன். கடலோரத்தில் வலை உலர்த்துவோர்க்கு இதனைச் சொல்ல வேண்டியதில்லை. குளிரூட்டிய அறைகளில் இருப்போர்க்கே சொல்ல வேண்டும்.

இனி, இம்முறை மேலை நாட்டிலிருந்து வந்ததா, இந்நாட்டதா என்னும் வழக்கு. இரண்டும் உண்டு. நீர்ப் பண்டுவத்தை ஒரு முறையாக வகுத்தவர் சைலீசிய மலையூர் உழவரான பிரீசுநிட்சு (1799–1851). அதனைப் பரப்பியவர் செருமானியப் பாதிரியார் கினைப்பு (1821–1897). இடுப்புக் குளியலை உலகறியச் செய்தவர் இலைப்சிக்கு நகரத்து லூயி கூனே (1835–1901). கூனேயின் நூலையும் அடோல்பு யூசுட்டின் நூலையும் தென்னாப்பிரிக்காவில் படித்த காந்தியடிகள் அவற்றைத் தம் உடலிலேயே ஆய்ந்து பார்த்தார்; 1946இல் புனேக்கு அருகே உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ நிலையமும் கண்டார். தமிழகத்தில் புதுக்கோட்டை இலக்குமண சர்மா இத்துறையில் நிலையம் நடத்தி நூலும் எழுதினார். அந்நூல் ஆங்கிலத்தில் அமைந்தது.

ஆனால், திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தைத் திறந்து பார்ப்பவர் வியப்படைவர். மருந்தைப் பற்றிய பத்துக் குறள்களில் பெரும்பகுதி உணவின் அளவையும் செரிமானத்தையும் பற்றியே பேசுகின்றது. முன்னுண்டது அற்ற பின்னரே உண்க என்னும் ஒன்றையே வள்ளுவர் பலவாறு அடுக்குகின்றார். நோயறிதலும் மருத்துவன் கடமையும் இறுதியிலேயே வருகின்றன. கூனே தொட்டி செய்வதற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே நெறி தமிழில் இருந்தது. தொட்டி செருமனியினது, வயிற்றைப் பற்றிய அறிவு தமிழரது என்று அமைதி கொள்ளலாம்.

இவ்விடத்தில், தனித்தமிழ் அன்பர்களும் பெரும்பாலும் மறந்துவிட்ட ஒரு செய்தியை நினைவூட்டல் வேண்டும். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகள் 1911 முதல் 1950இல் மறையும் வரை வாழ்ந்த பல்லவபுரம், அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தது. 2019இல் புதிதாய் அமைந்த செங்கற்பட்டு மாவட்டத்திலும் அடங்கியது. அங்கிருந்துகொண்டு அடிகள் இலக்கியமும் சமயமும் மட்டும் எழுதினாரல்லர். ‘பொருந்தும் உணவும் பொருந்தா உணவும்’ 1921இல் வந்தது. ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ 1933இல் வந்தது. உடலோம்பலைப் பற்றித் தூய தமிழில் எழுத இயலுமா என்று ஐயுறுவார்க்கு, ஏறத்தாழ நூறாண்டுகட்கு முன்பே விடையிறுத்த நூல்கள் அவை. மொழியைத் தூய்மை செய்யப் புகுந்தவரே உணவைத் தூய்மை செய்யவும் எழுதினார் என்பது தற்செயலன்று. வேண்டாதன புகுந்து செரியாமற் கிடப்பதே இரண்டிடத்தும் நோய் என்று அவர் கண்டார் போலும். அவருடைய புலால் மறுப்பைக் கடலோடிகளின் குப்பத்தில் அப்படியே கொண்டுபோய்ச் சொல்ல முடியாது. வலையில் வந்த மீனை விடச் சொல்லும் மருத்துவனைவிட, அதனை எண்ணெயில் பொரிக்காமல் குழம்பிலிடச் சொல்லும் மருத்துவனையே கொக்கிலமேட்டுப் பெண்கள் மதிப்பார்கள்.

பெருமை பேசிவிட்டு எல்லையை மறைப்பது நேர்மையன்று. இம்மருத்துவத்தின் எல்லைக்கல்லும் இதே மாவட்டத்திலேயே நடப்பட்டிருக்கின்றது.

தாம்பரத்தில் ‘சானட்டோரியம்’ என்றொரு தொடர்வண்டி நிலையம் உள்ளது. நாள்தோறும் அங்கே ஏறி இறங்குவோரில் எத்தனை பெயர்க்கு அதன் பொருள் தெரியும்? நலவாழ்வகம் என்பதே அது. இங்கிலாந்தில் மெண்டிப்பு மலையில் எலும்புருக்கி நோய்க்கான இல்லம் நடத்தி, கணக்கியல் அறிஞர் இராமானுசனுக்கும் 1917இல் பண்டுவம் பார்த்த தமிழ் மருத்துவர் சவுரிமுத்து, தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் அமைத்த இல்லத்தின் பெயர் அது. திறந்த வெளி, தூய காற்று, வெயில், நல்லுணவு, ஓய்வு, அளவான உழைப்பு, மூச்சுப் பயிற்சி — இவையே அவர் மருந்துகள். எலும்புருக்கிக்கு வேறு மருந்தில்லாத காலம் அது. சிலர் தேறினர், பலர் மாண்டனர். பின்னர் மருந்துகள் வந்தன. சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வு நடுவம் ஒரு நேரிய வினாவை எழுப்பிற்று: ஒரே மருந்தை, நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வும் உள்ள நலவாழ்வகத்தில் ஒரு சாரார்க்கும், நெருக்கமான குடிசையில் அரை வயிற்றோடு வாழும் மறுசாரார்க்கும் கொடுத்தால் என்னாகும்? 1959இல் வெளிவந்த விடை உலகையே திருப்பிற்று. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். காற்றும் வெயிலும் அன்று, மருந்தே நோயை வென்றது. நோயாளிகளைக் குடும்பத்தினின்று பிரித்து ஆண்டுக்கணக்கில் இல்லங்களில் அடைத்துவைக்கும் வழக்கம் உலகெங்கும் ஒழிவதற்கு அவ்வாய்வு பெருங் கரணியமாயிற்று.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. அந்நடுவத்தின் வழிவந்த நிறுவனமே பங்குகொண்டு சார்க்கண்டில் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2023இல் வெளிவந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்வோர்க்கு ஊட்டமான உணவுப்பொருள் கொடுத்தபொழுது, அவர்களுக்கு எலும்புருக்கி புதிதாய்ப் பற்றுவது 39 விழுக்காடு குறைந்தது. வந்த நோயை மருந்து தீர்த்தது. வருநோயை உணவு தடுத்தது. இரண்டையும் ஒருங்கே ஏற்பவனே மருத்துவன்.

செங்கற்பட்டை அடுத்த திருமணியும் இதனையே சொல்லும். அங்குள்ள தொழுநோய் நிலையத்தில் 1940களில் பணியாற்றிய மருத்துவர் காக்கிரேன், சல்போன் மருந்தைத் தொழுநோயாளிகட்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை நீரடிமுத்து எண்ணெயே கதி. உலக நலவாழ்வு அமைப்பு 1982இல் பல மருந்துகளைக் கூட்டிக் கொடுக்கும் முறையை வகுத்த பின்னர், கை கால் மழுங்கிச் சாலையோரத்தில் கிடந்த ஓர் உலகமே மெல்ல மறைந்தது. நோயெல்லாம் ஒன்றே, உடலில் தேங்கிய கழிவே அது என்ற கூனேயின் கொள்கை திருமணியிலும் தாம்பரத்திலும் தோற்றது. நுண்ணுயிர் உண்மை. தோற்றதை ஒப்புக்கொள்வதால் இயற்கை மருத்துவம் சிறுமைப்படாது. காந்தியடிகளே 1924 சனவரியில் குடல்வால் அழற்சிக்குப் புனே மருத்துவமனையில் கத்திக்கு உடன்பட்டார்.

அப்படியாயின் இம்மருத்துவம் வெல்லும் களம் எது? இன்று தமிழர் உடலைத் தின்னும் நோய்களின் களமே அது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையோர் என 2023இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு கணக்கிட்டது. நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேற்பட்ட பெரியோர்க்குக் குருதியழுத்தம் மிகை. இவற்றை நுண்ணுயிர் கொண்டுவரவில்லை. தட்டும் நாற்காலியும் கொண்டுவந்தன. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பெயரைக் கொண்டு சென்னை மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு தமிழரும் அறிதல் வேண்டும். உணவு, நடை பற்றிய அறிவுரை பெற்றோர்க்கு நோய் வருதல் 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை பெற்றோர்க்கு 26.4 விழுக்காடு. அறிவுரையும் மாத்திரையும் ஒரே தட்டில் நின்றன! அறிவுரை எதனால் ஆனது? சொல்லால் ஆனது. விளங்கும் மொழியில் சொன்ன சொல் மாத்திரைக்கு நிகர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இந்த இடத்தில்தான் மாமல்லபுரத்துப் பூனையை நினைக்க வேண்டியுள்ளது. கடல்மல்லையின் பெரும்பாறைப் புடைப்பில், விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவமிருக்கின்றான் ஒருவன். அப்பாறையிலேயே, அவனைப்போலவே கைதூக்கி நிற்கின்றது ஒரு பூனை. அதன் காலடியில் எலிகள் அச்சமின்றி நடமாடுகின்றன. பல்லவர் காலத்துச் சிற்பியின் எள்ளல் இன்றைய கடற்கரைக்கே செதுக்கியது போன்றுள்ளது. கோவளத்திலிருந்து தெற்கே மல்லை வரை விடுதிகள் சிலவற்றில் மண் பூச்சும் நீராவிக் குளியலும் ‘டீடாக்சு’ என்னும் பெயரில் விலையேறி விற்கப்படுகின்றன. ஏரி வண்டலும் கிணற்றுநீரும் வெயிலும் விலையில்லாப் பொருள்கள்; விற்கப்படுவது அயற்பெயர் ஒன்றே. அதனினும் கொடியர் வேறொரு சாரார். எந்தப் பயிற்சியுமின்றிப் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகளை ஒட்டிக்கொண்டு, ‘இன்சுலினை இன்றே நிறுத்து’ என்பார்கள். சிறுவயதிலேயே நீரிழிவுற்ற பிள்ளை இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிர் போகும். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு இளநீரும் பழச்சாறும் மட்டுமே கொடுத்து நோன்பிருக்கச் செய்தால், அவற்றிலுள்ள பொட்டாசியம் குருதியில் ஏறி நெஞ்சாங்குலையையே நிறுத்திவிடும். இளநீரே நஞ்சாகும் உடலும் உண்டு என்று அறியாதவன் இயற்கையை அறியாதவன். முறையாகக் கற்ற இயற்கை மருத்துவர் இவற்றைச் செய்யார், செய்வோர் பூனைகள். எலிகள் ஏமாறுவது, விளங்காத சொல்லுக்கு முன்னால் வாய்பொத்தி நிற்பதால்.

வரகையும் சாமையையும் எடுத்துக்கொள்க. கேழ்வரகுக் கூழும் கம்பங்களியும் இம்மாவட்டத்து ஏழையின் நாளுணவாயிருந்தன. அரிசி உயர்வு, கூழ் தாழ்வு என்று கற்பித்து அவற்றை அடுக்களையினின்று விரட்டினார்கள். ஒன்றிய நாடுகள் அவை 2023ஐச் சிறுகூல ஆண்டாக அறிவித்தது; இன்று அதே கூலம் பளபளக்கும் பொதியில் ‘மில்லட்டு’ என்று வருகின்றது. மருத்துவர் ‘மில்லட்டு டயட்டு’ எழுதிக் கொடுக்கின்றார். திருக்கழுக்குன்றத்து முதியவள் அதனை எந்தக் கடையில் வாங்குவது என்று பேரனைக் கேட்கின்றாள். அவள் பரணில் கேழ்வரகுப் பானை கவிழ்ந்து கிடக்கின்றது! உப்பும் அவ்வாறே. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மிகாமல் என்றால் எவர்க்கு விளங்கும்? வீட்டிலுள்ள ஒவ்வொருவர்க்கும் நாள்முழுமைக்கும் தேக்கரண்டியில் தலைதட்டி ஒன்றே, ஊறுகாயும் கருவாடும் அதற்குள் அடக்கம் என்றால் கடலோரத்துப் பெண்ணுக்கு அக்கணமே விளங்கும்.

ஆகலின், செங்கற்பட்டு நிலையத்தினின்று தமிழ்மக்கள் கேட்க வேண்டுவன பெரியன அல்ல. மாணவர்க்கு ஆங்கிலத்தோடு தமிழிலும் பாடநூல் வேண்டும். நோயாளியோடு பேசும் தமிழ் தேர்வில் ஒரு தாளாக வேண்டும். இடுப்புக் குளியல், மண் பட்டி, ஈரத்துணிச் சுற்று, உண்ணாநோன்பு, மூச்சுப் பயிற்சி என மக்கள் வாயில் வழங்கும் சொற்களையே நிலையத்தின் ஏடுகளிலும் ஆள வேண்டும். எவரெவர் நோன்பிருத்தல் ஆகாது, எவரெவர் மருந்தை நிறுத்துதல் ஆகாது என்பதைத் தெளிவான தமிழில் அச்சிட்டு வாயிலிலேயே ஒட்டவேண்டும். வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் அவரவர் உணவு, நடை, உறக்கம் பற்றிய ஒரு தமிழ்த்தாள் இருத்தல் வேண்டும். எழுத்தறியாதவர்க்கு அதனை ஒருமுறை படித்துக்காட்டி, அவர் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேட்டு அனுப்புதல் வேண்டும். அடிகளின் 1933ஆம் ஆண்டு நூலை, காலத்தால் பொருந்தாதன இவையெனக் குறிப்பெழுதி, மருத்துவ மாணவர்க்கென ஒரு பதிப்பாகக் கொணர்தல் வேண்டும். பல்லவபுரத்திலிருந்து செங்கற்பட்டுக்குத் தொடர்வண்டியில் ஒரு மணி நேரப் பயணந்தான்.